பீமன் அருவியில் தொலைந்த மோதிரம்!

உங்க கேங்ல ஒருத்தனாவது இருப்பான் பாருங்க... மோதிரத்தோட அடிப்பக்கம் நூல் சுத்தி வச்சிருப்பான். சிவப்பு நூலோ, மஞ்சள் நூலோ, சமயத்துல செல்லோ டேப் கூட! கேட்டா, 'அப்பா மோதிரம்டா, லூசா இருக்கு'ம்பான். எங்க கேங்ல அப்படி ரெண்டு பேர். டிசம்பர் கடைசியில் ஜவ்வாது மலைக்கு டூர் போனப்போ ரெண்டு மோதிரம் மேலே ஏறிச்சு. ஒண்ணுதான் கீழே இறங்கிச்சு.

போளூர்ல பஸ் பிடிச்சு, கொண்டை ஊசி வளைவுகள்ல குடலைக் குலுக்கிக்கிட்டு ஜமுனாமரத்தூர் போய் இறங்கினோம். ஒரு டீ, நாலு பஜ்ஜி. அங்கிருந்து பீமன் நீர்வீழ்ச்சிக்கு நடராஜா சர்வீஸ். முதுகுல பை, கை ரெண்டும் தொங்கப் போட்டு நடை. போற வழியெல்லாம் நம்ம ஹீரோ, 'மச்சி, மோதிரம் டைட்டா இருக்குடா'ன்னு திருகிக்கிட்டே வந்தான். அரை மணி நேரம் கழிச்சு அருவியில நின்னு தலையைத் துவட்டறப்போ விரலைப் பார்த்தான். காணோம்! நூல் மட்டும் ஈரமா விரல்ல ஒட்டிக்கிட்டு இருந்தது.

டைட்டா இருந்த மோதிரம் எப்படிங்க கழண்டு விழும்? அன்னிக்கு அந்தப் பாறை இடுக்குல ரெண்டு மணி நேரம் ஏழு பேர் கையை விட்டுத் துழாவினப்போ யாருக்கும் இந்தக் கேள்வி வரலை. திரும்பி வர்ற பஸ்லதான் வந்தது.

விடை ரொம்ப சிம்பிள் பாஸ். விரல் ஒரு நிரந்தர அளவு கிடையாது. நடக்கும்போது உடம்பு சூடாகுது, தொங்கற கைக்கு ரத்தம் ஜாஸ்தி வருது, விரல் உப்புது. ஸோ, மோதிரம் இறுகுது. அதே விரலை மலைத் தண்ணியில வச்சா? உடம்பு தன் சூட்டைக் காப்பாத்த விரல்ல இருக்கற ரத்தக் குழாய்களைச் சுருக்கிடுது. விரல் ஒல்லிப்பிச்சான் ஆயிடுது. கூடவே தண்ணியோட வழவழப்பு. அதுல நூல் வேற நனைஞ்சு அமுங்கிப் போச்சுன்னா, அவ்ளோதான்... டாட்டா பை பை! ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாத்துக்கும் இதே கதைதான். குளிர்காலத்துல மெரினா அலையில நின்னாலும் இதே கதைதான்.

இங்கே ஒரு சின்ன பிரேக். நாங்க ஒரு மோதிரத்தைத் தொலைச்ச இதே மலையிலதான் ஒரு பெரிய மோதிரம் சிக்கியிருக்கு தெரியுமா? மலையோட இன்னொரு பக்கம், ஆலங்காயம் வழியா போனா காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைச்சுக்கிட்டுப் போறதை அங்கே 1 மீட்டர் டெலஸ்கோப்புல பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கிரகம் மறைக்கறதுக்கு முன்னாடியே நட்சத்திரத்தோட வெளிச்சம் மினுக்குன்னு குறைஞ்சது. ஜே.சி.பட்டாச்சார்யா குழு அதை முதல்ல ஒரு புது துணைக்கோள்னு நினைச்சாங்க. அதே ராத்திரி அமெரிக்கர்கள் விமானத்துல பறந்துக்கிட்டே எடுத்த பதிவையும் சேர்த்துப் பார்த்தப்போதான், அது யுரேனஸைச் சுத்தி இருக்கற வளையம்னு தெரிஞ்சது. சரி, நம்ம நாலு கிராம் வளையத்துக்கு வருவோம்.

முப்பது செகண்ட்ல சைஸ்!

மீதி இருந்த ஒரு மோதிரக்காரனை அடுத்த வாரமே இழுத்துக்கிட்டுப் போய் பத்தர்கிட்ட விட்டோம். ஆனா அதுக்கு முன்னாடி ஹாஸ்டல்ல ஒரு அளவெடுப்பு விழா. நீங்களும் செஞ்சு பார்க்கலாம். அரை சென்டிமீட்டர் அகலத்துல பேப்பர் துண்டு கிழிச்சு விரல் அடியில சுத்துங்க. முனை சேர்ற இடத்துல பேனாவால கோடு. ஸ்கேல்ல அளங்க. 56 மில்லிமீட்டர் வருதுன்னு வைங்க. அதுல 40-ஐக் கழிச்சா 16. நம்ம ஊர் கடையில சொல்ற மோதிர சைஸ் நம்பர் ஏறத்தாழ இதுதான்! (56-ஐ 3.14-ஆல வகுத்தா உள்விட்டம் 17.8 மி.மீ. ஆன்லைன்ல வாங்கறவங்களுக்கு இந்த நம்பர் உதவும்.)

ஒரு சைஸ் கூடினா சுற்றளவு ஒரு மில்லிமீட்டர்தான் கூடும். உள்விட்டத்துல அது வெறும் 0.32 மி.மீ. அதனாலதான் ஸ்கேலை மோதிரத்து மேல குறுக்கா வச்சு அளக்கறவங்க எல்லாம் ஏமாந்து போறாங்க. எப்பவும் சுற்றளவை அளங்க.

எப்ப அளக்கறதுங்கறது அதைவிட முக்கியம். தூங்கி எழுந்த உடனே வேண்டாம், விரல் உப்பியிருக்கும். கிரிக்கெட் ஆடிட்டு வந்தும் வேண்டாம். ஏசி ரூம்ல நடுங்கிக்கிட்டும் வேண்டாம். சாயந்திரம் சாதாரணமா உட்கார்ந்திருக்கறப்போ, ரெண்டு மூணு நாள் அளந்து பாருங்க. விரல் கணு பெருசா இருந்தா அங்கேயும் அளக்கணும். கணுவைக் கொஞ்சம் சிரமப்பட்டுத் தாண்டி, அடியில போய் நிம்மதியா உட்கார்ற சைஸ்தான் உங்க சைஸ். பட்டையா அகலமான மோதிரம்னா அரை சைஸ் கூட்டிக்கோங்க. எழுதற கை விரல் மத்த கை விரலைவிடப் பெரும்பாலும் தடிமனா இருக்கும், ஸோ எந்தக் கையில போடப் போறீங்களோ அதுலயே அளங்க.

பொடி வச்சு ஊதற இடம்

பத்தர் கடைன்னா ஏசி ஷோரூம் இல்லீங்க. எட்டுக்கு எட்டு ரூம். சின்ன பட்டறைக் கல், குறடு, அரம், உமியோடு. முன்னெல்லாம் ஊதுகுழலை வாயில வச்சு மணிக்கணக்கா ஊதுவாங்க. இப்ப கேஸ் டார்ச். ஃப்ரெண்டோட மோதிரத்தைக் கையில வாங்கி, நூலைப் பிரிச்சார். உள்ளே அழுக்கும் சோப்பும் சேர்ந்து கறுப்பா ஒரு பசை.

'எத்தனை நாளா தம்பி இந்த நூலு?'

'ரெண்டு வருஷம் இருக்கும்ணே.'

அவர் ஒண்ணும் சொல்லலை. தராசுல வச்சு எடை போட்டு, எங்ககிட்ட காட்டிட்டு, சீட்டுல எழுதினார். இந்த இடத்தை நல்லா கவனிங்க ஃப்ரெண்ட்ஸ். கொடுக்கறப்பவும் வாங்கறப்பவும் எடை பார்க்காத மோதிர வேலை, பேர் எழுதாத எக்ஸாம் பேப்பர் மாதிரி!

பெருசாக்கறது சின்னதாக்கறதைவிட சில நேரம் சுலபம். கல் பதிக்காத வெறும் வளையம்னா, கூம்பு மாதிரி இருக்கற இரும்புத் தடியில மாட்டித் தட்டியே அரை சைஸ், ஒரு சைஸ் விரிச்சுடலாம். வளையம் கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். அதுக்கு மேலன்னா வெட்டி, நடுவுல தங்கத் துண்டு வச்சுப் பத்த வைக்கணும். சின்னதாக்கறதுன்னா வேற வழியே இல்லை. அடிப்பக்கம் வெட்டி, துண்டை எடுத்துட்டு, ரெண்டு முனையையும் சேர்த்து ஒட்டணும்.

அந்த ஒட்டறதுலதான் மொத்த சூட்சுமமும் இருக்கு. தங்கம் உருகறது 1,064 டிகிரி செல்சியஸ்ல. மோதிரம் உருகக் கூடாது, ஆனா ஒட்டு உருகணும். ஸோ, கொஞ்சம் கம்மி சூட்டுலயே உருகற கலப்புத் தங்கத்தைப் பொடியாக்கி இணைப்புல வைக்கறாங்க. கூடவே வெங்காரம். அது உருகி மூடி, காத்து பட்டு உலோகம் கறுக்காம பார்த்துக்கும். 'பொடி வச்சுப் பேசறான்'னு சொல்றோமே, அந்தப் பேச்சு இந்தப் பட்டறையில இருந்துதான் வந்ததுன்னு சொல்வாங்க.

பழைய காலத்துப் பொடியில செம்பும் வெள்ளியும் ஜாஸ்தி. அதனால ஒட்டு போட்ட நகையை உருக்கினா தரம் குறையும். அதுக்கு மாற்றா வந்ததுதான் ஒரு காலத்துல போர்டு போர்டா தொங்கின 'கேடிஎம்'. அதாவது காட்மியம். 92 பங்கு தங்கத்தோட 8 பங்கு காட்மியம் சேர்த்தா பொடியோட தரமும் குறையாது, சுலபமா உருகவும் உருகும். ஆனா சூட்டுல காட்மியம் புகையா கிளம்பும். அந்தப் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் விஷம், கேன்சரும் வரவழைக்கும். அதை மூக்குக்கு நேரா இழுத்தது கடைக்கு வந்த கஸ்டமர் இல்லை, பட்டறையில உட்கார்ந்த பத்தர்! ஹால்மார்க் நகையில இப்ப காட்மியத்துக்கு இடம் கிடையாது. துத்தநாகம் மாதிரி வேற கலப்புகள் வந்தாச்சு. ஸோ, யாராவது இன்னமும் 'கேடிஎம் தங்கம் தம்பி'ன்னு பெருமையா சொன்னா, அது தங்கத்தோட தரம் இல்லை, ஒட்டோட பேருன்னு உங்களுக்குத் தெரியும்.

அந்தத் துண்டு எங்கே?

இப்ப கணக்கு. நாலு கிராம் மோதிரம், 20 சைஸ்ல இருந்து 16-க்கு. அதாவது சுற்றளவு 60 மி.மீ.ல இருந்து 56. எல்லா இடத்துலயும் ஒரே தடிமன்னு வச்சுக்கிட்டா, வெட்டி எடுக்கற 4 மில்லிமீட்டர் துண்டு கால் கிராமுக்கு மேல, 0.27 கிராம். நுனி விரல்ல ஒட்டற துணுக்குதான். ஆனா 22 காரட் கிராமுக்குப் பத்தாயிரம் ரூபாயை 2025-லயே தாண்டியாச்சு. கிராமுக்குப் பத்தாயிரம்னே போட்டாலும் 2,700 ரூபா! நம்ம மெஸ் பில்லு அது. ராவறப்போ கொஞ்சம் தூள் போகும், அது நியாயமான சேதாரம். ஆனா துண்டு உங்களோடது. கேட்டு வாங்குங்க, இல்லைன்னா கூலியில கழிக்கச் சொல்லுங்க. கூச்சப்பட வேண்டாம். எங்க பத்தர் நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே ஒரு குட்டிப் பொட்டலத்துல மடிச்சு நீட்டினார்.

இன்னொரு விஷயம். புது மோதிரம்னா உள்பக்கத்தை லென்ஸ் வச்சுப் பாருங்க. முக்கோணமா பிஐஎஸ் முத்திரை, '22கே916', அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம். அதுக்குப் பேர் எச்யூஐடி. 2023 ஏப்ரல் 1-ல இருந்து இது இல்லாம ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. 'பிஐஎஸ் கேர்' ஆப்ல அந்த ஆறு இலக்கத்தைப் போட்டா நகையோட ஜாதகமே வரும். சைஸ் மாத்தக் கொடுக்கறதுக்கு முன்னாடி அதை போட்டோ எடுத்துக்கோங்க, அந்த இடத்துல வெட்ட வேண்டாம்னும் சொல்லிடுங்க. அப்பா காலத்து மோதிரத்துல இதெல்லாம் இருக்காது. உரைகல்தான் கதி!

கல் மோதிரம்னா கதையே வேற. ராசிக்கல் பைத்தியம் காலேஜ்லயும் ஜாஸ்தி, எக்ஸாம் டைம்ல இன்னும் ஜாஸ்தி. வைரம் ஓரளவு சூடு தாங்கும். ஆனா முத்து, பவளம், மரகதம் எல்லாம் நெருப்பைப் பார்த்தா அம்பேல். மரகதத்துல இயற்கையாவே விரிசல்கள் இருக்கும், பெரும்பாலும் எண்ணெய் ஏத்தி அதை மறைச்சிருப்பாங்க. சூடு பட்டா எண்ணெய் போய் பல் இளிச்சுடும். அதனால கல்லைக் கழட்டிட்டு வேலை பார்த்து, திருப்பிப் பதிக்கணும். அந்தக் கூலியையும் முன்னாடியே பேசிக்கோங்க. மோதிரம் முழுக்க வட்டமா கல் பதிச்சிருந்தா, சைஸ் மாத்தற ஐடியாவை விட்டுடுங்க. வெட்ட இடமே இல்லை. கவரிங் மோதிரத்தையும் கொண்டு போகாதீங்க. சூடு காட்டினதும் மேல இருக்கற மினுமினுப்பு கறுத்துடும்.

இந்த விஷயத்துல நம்ம பாட்டிங்க செம ஸ்மார்ட். மெட்டியைப் பாருங்க. அடியில மூடாம விட்டிருப்பாங்க. கால் வீங்கினா விரிச்சுக்கலாம், மெலிஞ்சா நெருக்கிக்கலாம். பத்தரே வேண்டாம்!

ஜவ்வாது ஆகாது!

மலை பேர் ஜவ்வாதுங்கறதால சொல்றேன். ஜவ்வாது, சென்ட், ஹேர் ஸ்ப்ரே எதுவா இருந்தாலும் முதல்ல பூசிக்கிட்டு, அது காய்ஞ்சப்புறம் நகையைப் போடுங்க. கழட்டும்போது நகைதான் முதல்ல. முத்தும் பவளமும் அடிப்படையில சுண்ணாம்பு சமாச்சாரம், கால்சியம் கார்பனேட். எலுமிச்சம்பழம், வினிகர் மட்டுமில்ல, நம்ம வேர்வையே அதை மெல்ல அரிக்கும். போட்டுக் கழட்டினதும் மெத்துனு ஒரு துணியால துடைச்சு வச்சாலே ஆயுசு கூடும்.

தங்கத்தைக் கழுவ பெரிய கெமிக்கல் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு ஷாம்பு, குழந்தைங்க பல் தேய்க்கற பிரஷ். பத்தர் கடையில இன்னமும் பூந்திக்கொட்டைத் தண்ணிதான். வாஷ்பேசின்ல கழுவாதீங்க, கிண்ணத்துல கழுவுங்க. (ஏன்னு கேக்கறவங்க பீமன் அருவி பாராவைத் திருப்பிப் படிக்கவும்!) பாட்டி காலத்து நகையில சிலதுக்கு உள்ளே அரக்கு நிரப்பியிருக்கும். அதை வெந்நீர்ல போட்டா அரக்கு இளகி நகை நசுங்கிடும். டூத் பேஸ்ட் தங்கத்துக்கு வேண்டாம், கீறல் விழும்.

வெள்ளிக் கொலுசு கறுத்துப் போச்சா? நம்ம கெமிஸ்ட்ரி பேப்பர் இங்கே உதவும். கறுப்பு வேற ஒண்ணுமில்ல, சில்வர் சல்ஃபைடு. ஒரு பாத்திரத்துல அலுமினிய ஃபாயில் விரிச்சு, வெந்நீர், சமையல் சோடா போட்டு, கொலுசு ஃபாயில்ல படற மாதிரி வைங்க. கந்தகம் வெள்ளியை விட்டுட்டு அலுமினியத்துக்குத் தாவிடும். லேசா அழுகின முட்டை வாசம் வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். கல் வச்சது, வேணும்னே கறுப்பு ஏத்தின டிசைன் ரெண்டையும் இதுல போடக் கூடாது.

கெமிஸ்ட்ரின்னதும் லேப் ஞாபகம் வருது. உடைஞ்ச தெர்மாமீட்டர்ல உருண்டு ஓடற பாதரசத்தை, மோதிரம் போட்ட கையால தொடவே தொடாதீங்க. தங்கமும் பாதரசமும் பார்த்த மாத்திரத்துல கட்டிப்பிடிச்சுக்கும். மஞ்சள் மோதிரம் வெள்ளையா மாறிடும். அதை நீங்களே சூடு காட்டி எடுக்கப் பார்த்தா பாதரச ஆவி நேரா நுரையீரலுக்கு!

வீட்டு வாசல்ல 'நகை பாலிஷ் போடறோம்'னு வர்றவங்களைப் பத்தி அம்மாகிட்ட கண்டிப்பா சொல்லி வைங்க. அவங்க கொண்டு வர்ற திரவம் சில நேரம் ராஜ திராவகம். மூணு பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம். நகை பளபளன்னு வரும், ஆனா எடையில ஒரு பங்கு அந்தத் திரவத்துலயே தங்கிடும். கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும். இதே திராவகத்தை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தியிருக்காங்க. 1940 ஏப்ரல்ல ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள்ள நுழைஞ்சப்போ, நீல்ஸ் போர் ஆய்வகத்துல இருந்த ஹெவசிங்கற விஞ்ஞானி, அங்கே ஒளிச்சு வச்சிருந்த லாவே, ஃபிராங்க் ரெண்டு பேரோட நோபல் தங்கப் பதக்கத்தையும் ராஜ திராவகத்துல கரைச்சு, பாட்டிலை ஷெல்ஃப்ல வச்சுட்டார். நாஜிகளுக்கு அது ஒரு கெமிக்கல் பாட்டில், அவ்வளவுதான்! போர் முடிஞ்சு வந்து பார்த்தா பாட்டில் அப்படியே இருந்தது. தங்கத்தைப் பிரிச்சு எடுத்து, திருப்பிப் பதக்கமா வார்த்துக் கொடுத்தாங்க.

லூசு பத்தியே பேசிட்டோம், டைட்டுக்கும் ஒரு வார்த்தை. வொர்க்ஷாப் லேப்ல லேத் முன்னாடி நிக்கறப்போ மோதிரத்தைக் கழட்டச் சொல்றது சும்மா இல்லை. சுத்தற மெஷின் வேண்டாம், கேட் மேல ஏறிக் குதிக்கறப்போ மாட்டினாலே போதும், உடம்பு வெயிட் மொத்தமும் ஒரு விரல்ல தொங்கும். அமெரிக்க டிவி பிரபலம் ஜிம்மி ஃபாலன் 2015-ல வீட்டுல தடுக்கி விழுந்து, மோதிரம் மேஜையில மாட்டி, விரலைக் காப்பாத்த ஆறு மணி நேரம் ஆபரேஷன் பண்ண வேண்டியதாச்சு.

விரல்ல சிக்கிக்கிச்சா? கையைத் தலைக்கு மேல கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிங்க. ஐஸ் தண்ணி, அப்புறம் சோப்பு. அதுக்கும் மசியலைன்னா நூல்! நூலோட ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில நுழைச்சு உள்ளங்கைப் பக்கம் விட்டு, மறுமுனையால விரலை மோதிரத்தை ஒட்டி நெருக்கமா கணு தாண்டற வரைக்கும் சுத்துங்க. இப்ப உள்ளங்கைப் பக்க முனையை இழுத்து அவுக்க அவுக்க மோதிரம் நூல் மேலயே படியிறங்கி வரும். விரல் நீலமா மாறினாலோ, மரத்துப் போனாலோ இந்த வித்தை எல்லாம் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரி, இல்லைன்னா தீயணைப்பு நிலையம். மோதிரத்தை வெட்டி எடுத்துடுவாங்க. வெட்டின மோதிரத்தைப் பத்தர் அரை மணி நேரத்துல ஒட்டிடுவார்.

அப்புறம் நம்ம ஹீரோ? பதினோரு நாள் வீட்டுல சொல்லலை. அது அவங்க அப்பாவோட கல்யாண மோதிரம். செமஸ்டர் ஃபீஸுக்காக ரெண்டு தடவை அடகுக்குப் போய், ரெண்டு தடவையும் திரும்பி வந்த மோதிரம். பொங்கல் லீவுல ஊருக்குப் போறப்போ கையை பாக்கெட்ல விட்டுக்கிட்டே வீட்டுக்குள்ள நுழைஞ்சிருக்கான். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தா கையை வெளியே எடுத்துத்தானே ஆகணும்?

அப்பா விரலைப் பார்த்தார். 'அருவியில போயிடுச்சுப்பா'ன்னான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம். அப்புறம், 'நூல் சுத்திக் கொடுத்தது நான்தானேடா... அன்னிக்கே பத்தர்கிட்ட போயிருக்கலாம். நூறோ இருநூறோ கேட்டிருப்பான்'னாராம்.

எத்தனை கிராம்னு அம்மா கேட்டிருக்காங்க. ரெண்டு பேருக்கும் தெரியலை. பில் கிடையாது, போட்டோ கிடையாது. கடைசியில பீரோவுல தேடினா, பழைய அடகு ரசீதுல இருந்தது: 'கல் இல்லா மோதிரம் 1. எடை 3.900 கிராம்.'